கதையின் நீதி கேட்பவர்கள்

பள்ளி நூலகம் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் பீரோ பற்றிய பேச்சாகவே இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது, ஒரு புத்தகம் குறைந்தாலும் கைக்காசு போகும் என்று பொறுப்பாசிரியர் பயப்படுகிறார், அதனால் திறப்பதில்லை. நியாயமான புலம்பல்தான். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதை முதல் விதியாக வைத்து, சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் சென்னையிலிருந்து நூலே எழுதினார். தணிக்கைக்காரர்கள் படித்ததாகத் தெரியவில்லை. போகட்டும். பீரோ திறந்த பிறகு நடப்பது பற்றி யாரும் பேசுவதில்லை.

தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023இல் தொடங்கியது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகள். கைக்கு அடக்கமான சிறு புத்தகங்கள். பாடநூலின் கனத்துக்குப் பழகிய கைகளுக்கு இது விடுதலை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நான் பார்த்த வகுப்புகளில் பிரதி மாறியிருக்கிறதே ஒழிய, வாசிப்பின் சடங்கு மாறவில்லை. படித்து முடித்ததும் கேள்வி வந்து விழுகிறது: ‘இந்தக் கதையோட நீதி என்ன?’

மதுரைப் பக்கம் ஒரு கிராமப் பள்ளி. நூலகப் பாடவேளை. ஆடு தொலைத்த பையன் பற்றிய கதையைப் படித்துவிட்டு ஆறாம் வகுப்புச் சிறுமி எழுந்தாள். ‘ஆட்டத் தொலச்சிட்டு வீட்டுக்குப் போகப் பயந்து கம்மாக்கரையிலயே ஒக்காந்துட்டான் சார். எங்கண்ணனும் அப்பிடித்தான் ஒருநா...’ ஆசிரியர் குறுக்கிட்டார். ‘அண்ணன் கதை வேணாம். நல்ல தமிழ்ல சொல்லு. நீதி என்ன?’ சிறுமி கொஞ்ச நேரம் நின்றாள். ‘பொறுப்பாக இருக்க வேண்டும்.’ கைதட்டல்.

அண்ணன் போனான், கம்மாக்கரை போனது, அவளுடைய மொழியும் போனது. பிரதியில் இல்லாத அண்ணனை அதற்குள் கொண்டுவந்து உட்கார வைத்தாளே, அதுதான் வாசிப்பு. நம்மில் எத்தனை விமர்சகர்களுக்கு அது வாய்த்திருக்கிறது? ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. பதிவேட்டில் எழுத அவருக்கு ஒரு வரி வேண்டும். அண்ணன் கதை அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

பள்ளி ஆசிரியராக இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக், 1992இல் வெளிவந்த நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகள் சொன்னார். முதலாவது, வாசிக்காமலிருக்கும் உரிமை. கடைசி, வாசித்ததைப் பற்றிப் பேசாமலிருக்கும் உரிமை. நண்பர்கள் சிலர் இதை அப்படியே இங்கே இறக்கிவிடலாம் என்கிறார்கள். எனக்குப் பத்தாவதில் தயக்கம். ஓயாமல் பேசச் சொல்லி வற்புறுத்தப்படும் குழந்தைக்கு மௌனம் உரிமை. காலனித் தெருவிலிருந்து வருவதாலேயே கடைசி வரிசையில் உட்கார்த்தப்பட்டு, கேள்வியே வந்து சேராத குழந்தைக்கு அது ஏற்கனவே விதிக்கப்பட்டிருக்கிற தண்டனை. அதற்குப் போய் உரிமை என்று பெயர் சூட்டச் சொல்கிறீர்களா?

ஆக, கேள்வியே கூடாது என்பதல்ல. விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவரும் கதை தெரியாமல் கேட்பவரும் ஒருவரல்ல. முன்னவர் அதிகாரி, பின்னவர்தான் கேட்பாளர். ஒரே கதையை வகுப்பு முழுக்கப் படிக்க வைத்து, படம் வரையச் சொன்னால் எல்லாரும் அட்டைப் படத்தையே வரைகிறார்கள். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துப் பாருங்கள். ஆசிரியரும் படிக்காததாக இருந்தால் இன்னும் நல்லது. ‘அப்புறம் என்னாச்சு?’ என்ற கேள்விக்கு அப்போதுதான் உயிர் வரும். புத்தகம் வீட்டுக்கும் போகட்டும். எழுத்துத் தெரியாத அப்பத்தா நீதி கேட்கமாட்டாள், ‘ஆடு கெடச்சுச்சா?’ என்றுதான் கேட்பாள்.

இதைச் சொன்னபோது ஓர் ஆசிரியை, ‘ஆய்வுக்கு வர்றவங்ககிட்ட எதைக் காட்டறது?’ என்றார். அவரும் அந்தப் புத்தகங்களைப் படித்திருக்கமாட்டார், பிள்ளைகளையே அவருக்குக் கதை சொல்லச் சொல்லுங்கள் என்றேன். ஆசிரியை சிரிக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, அதில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.