மாஸ்டரும் மாணவியும்: 'இறுதிச்சுற்று' பற்றி நம் மக்கள் சொன்னவை

கோடை விடுமுறையின் கடைசி ஞாயிறன்று மாலை, இளையரசனேந்தல் பகுதி இளையோர் சிலர் முயற்சி எடுத்து, மறைக்கல்வி வகுப்பு நடக்கும் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி 'இறுதிச்சுற்று' படத்தைத் திரையிட்டனர். 2016 சனவரியில் வெளிவந்த படம் அது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தொலைக்காட்சியில் முன்பே பார்த்தவர்கள்தாம். படம் முடிந்தபின் அரைமணி நேரம் கருத்துப் பரிமாற்றம் நடைபெறும் என்று நாம் அறிவித்திருந்தோம். இத்தகைய கூட்டங்களில் வழக்கமாக, "நல்ல படம், சாமி" என்று ஒருவர் சொல்ல, "கருத்துள்ள படம்" என்று மற்றொருவர் வழிமொழிய, எல்லாரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவர். அன்று அவ்வாறு நிகழவில்லை. அரைமணி என்பது இரண்டு மணியாக நீண்டது. அதற்குக் காரணம் ஒரு தாய் எழுப்பிய வினா.

அதற்கு முன், படத்தைப் பாராத வாசகர்களுக்காகக் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். பிரபு செல்வராஜ் முன்னாள் குத்துச்சண்டை வீரர். சங்கத்து அரசியலால் தம் வாய்ப்பை இழந்து, அந்தக் கசப்போடு பெண்கள் அணிக்குப் பயிற்சி அளிப்பவர். குடிப்பவர், முன்கோபி. பெண் வீராங்கனைகளிடம் தவறாக நடந்தார் என்று அவர்மீது பொய்ப்பழி சுமத்தி, அரியானாவின் ஹிசாரிலிருந்து சென்னைக்கு மாற்றிவிடுகின்றனர். வடசென்னைக் குப்பத்தில் மீன் விற்கும் மதியிடம் அவர் திறமையைக் காண்கிறார். அவளுடைய அக்காளோ காவல்துறை வேலையை எண்ணிப் பல்லாண்டாகக் குத்துச்சண்டை பழகுபவள். முதலில் பணத்துக்காகப் பயிற்சிக்கு வரும் மதி, மாஸ்டரை ஏய்த்து, கேலி செய்து, பின் மதித்து, முடிவில் அவரைக் காதலிக்கத் தொடங்குகிறாள். சுதா கொங்கரா இயக்கிய இப்படத்தில் மாதவன் மாஸ்டராகவும், மேடையில் உண்மையாகவே மோதிப் பழகிய ரித்திகா சிங் மதியாகவும் நடித்தனர். ரித்திகாவுக்குத் தேசிய விருது விழாவில் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. இந்தியில் 'சாலா கடூஸ்' என உடன் எடுக்கப்பட்ட இக்கதை, 2017-இல் தெலுங்கிலும் 'குரு' என்னும் பெயரில் வந்தது.

இனி அந்தத் தாயின் வினா. தீப்பெட்டி ஆலையில் வேலை செய்பவர் அவர். மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பள்ளி வளைகோல்பந்து அணியில் ஆடுகிறாள். விடுமுறையிலும் சனிக்கிழமைகளிலும் கோவில்பட்டிக்குப் பயிற்சிக்கு அனுப்புமாறு வீட்டில் மன்றாடிக்கொண்டிருந்தாளாம். தாய் எழுந்து, "படம் நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா இதப் பாத்துட்டு நா எம்புள்ளய எப்படி கிரவுண்டுக்கு அனுப்புவேன்?" என்றார். கூடம் அமைதியாயிற்று. இளைஞர் ஒருவர் சிரித்துவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியூர் வாசகர் இவ்வினாவின் கனத்தை உணரவேண்டுமாயின் கோவில்பட்டியைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். நம் கரிசல் சீமையில் பிற ஊர்ச் சிறுவர் மட்டையும் பந்துமாகத் திரியும்போது, கோவில்பட்டிச் சிறுவர் கையில் வளைந்த கோல் இருக்கும். அங்கே செயற்கைப் புல்தரை அரங்கம் உண்டு. இலட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாடெங்கிலுமிருந்து அணிகள் வந்து ஆடுவதுண்டு. அவ்வூர் மாரீஸ்வரனும், அங்கே பயிற்சி பெற்ற அரியலூர்க் கார்த்தியும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடி, வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினர். இந்த மரபு தானாக வளர்ந்துவிடவில்லை. ஆடி ஓய்ந்தவர்கள், அதிகாலையில் பிள்ளைகளை எழுப்பி ஓடவிட்டு, தம் கைக்காசில் கோலும் பந்தும் வாங்கிக்கொடுத்து வளர்த்த மரபு அது. ஆகவே ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் ஒருவர் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் கதை நம் மக்களுக்குச் சினிமாக் கதையன்று. பக்கத்து ஊர் நடப்பு. அதனால்தான் சென்னை விமர்சகர்கள் எளிதாகக் கடந்துபோன இடத்தில் நம் பங்கின் தாய் இடறி நின்றார்.

இளைஞர்கள் மாஸ்டருக்காக வாதாடினர். அவர் ஒருமுறைகூட எல்லை மீறவில்லை. மதி தன் விருப்பத்தைச் சொல்லும்போது மறுத்துவிடுகிறார். காதல் பாட்டுக்கூடப் பெண்ணின் குரலில்தான் ஒலிக்கிறது என்று அடுக்கினர். இவை அனைத்தும் உண்மையே. அதோடு நாம் ஒன்றைச் சேர்த்துச் சொல்வோம். குப்பத்து ஏழைப்பெண்ணின் ஆசையைத் தமிழ்த்திரை பெரும்பாலும் கேலிக்கே பயன்படுத்தி வந்திருக்கிறது. ஆண் தேடி வரும்வரை காத்திருக்கும் கதாநாயகியரையே கண்டு பழகிய நமக்கு, தன் மனத்தைத் தானே திறந்து சொல்லும் மதி புதியவள். அவள் சேலை உடுத்தி வந்து நிற்கும் காட்சியில் நகைச்சுவை உண்டு, இழிவு இல்லை. பெண் ஒருவர் இயக்கிய படம் என்பதை அங்கே உணர முடிகிறது.

ஆனால் தாய் கேட்டது மாஸ்டர் நல்லவரா என்பதன்று. நல்லவர் என்று படமே முதல் காட்சிகளில் நமக்குச் சொல்லிவிடுகிறது. அவர்மீது சுமத்தப்பட்ட பழி பொய் என்பது நமக்குத் தொடக்கத்திலேயே தெரியும். அதன்பின் அவர் என்ன செய்தாலும் நாம் ஐயுறமாட்டோம்: திட்டினால் அக்கறை, அடித்தால் கண்டிப்பு, விரட்டினால் வேதனை. மைதானத்தில் நிற்கும் தாய்க்கு இந்த வசதி இல்லை. அவருக்கு எவரும் முதல் காட்சியைக் காட்டுவதில்லை.

படத்தின் கோளாறு இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. சங்கத்து அதிகாரியின் கயமையை இப்படம் தெளிவாகக் காண்கிறது. அணியில் இடம் தருவதும் பறிப்பதும் தன் கையில் இருப்பதால், வீராங்கனையரின் உடல்மீதும் உரிமை உண்டென எண்ணும் அந்த மனிதனைத் தயங்காமல் தோலுரிக்கிறது. இது கற்பனைக் குற்றச்சாட்டன்று என்பதைப் பின்னர் நாடே கண்டது. 2021-இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் மாணவியரின் புகாரின்பேரில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கைதானார். 2023 சனவரியில் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக் முதலிய மல்யுத்த வீராங்கனையர் தங்கள் கூட்டமைப்பின் தலைவருக்கு எதிராகத் தில்லி ஜந்தர் மந்தரில் வந்து அமர்ந்தனர். எனவே அதிகாரியைப் பற்றிப் படம் சொன்னது மெய். ஆயின் அதே அதிகாரம் வேறோர் உருவில் தன் கதாநாயகனிடமும் இருக்கிறது என்பதை அது காணவில்லை. மதி எப்போது ஓடவேண்டும், எவரோடு மோதவேண்டும், அவள் இருப்பாளா வெளியேறுவாளா என்பதெல்லாம் அவர் சொல்லில் தொங்குகின்றன. அக்காளின் பொறாமையால் கையில் காயம்பட்டு அவள் தோற்றபோது, தன்னை மறுத்ததற்காக வேண்டுமென்றே தோற்றாள் என்று எண்ணி அவளை விரட்டிவிடுகிறார். ஒரு பெண்ணின் காதல், அவளுடைய பயிற்சியாளர் கையில் அவளுக்கு எதிரான சாட்சியாக மாறும் இடம் அது. படத்திலேயே மிகக் கூர்மையான காட்சியும் அதுவே. இயக்குநர் அங்கே சற்றே நின்றிருந்தால் இது இன்னும் பெரிய படைப்பாகியிருக்கும். அவர் நிற்கவில்லை, போட்டி அழைக்கிறது, ஓடிவிடுகிறார்.

(இதை எழுதும் கை ஒரு குருவின் கை என்பதை நாம் மறக்கவில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளிடம் பிழை செய்த குருக்கள் திருச்சபையிலும் இருந்தனர்; அவர்களை மறைத்தவர்களும் இருந்தனர். அதிகாரத்தைக் கொண்டு ஒருவரை வளைப்பதும் குற்றமே எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் சட்டமாகவே எழுதவேண்டி வந்தது. மைதானத்தைப் பற்றிப் பேசும் நாம் மறைக்கல்விக் கூடத்தை விட்டுவிட்டுப் பேசுவதற்கில்லை.)

கூட்டத்தில் நெடுநேரம் பேசாதிருந்தவர், உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். இன்றும் விடியற்காலையில் பிள்ளைகளை ஓடவிடுபவர். நாம் வற்புறுத்தவே எழுந்தார். "காதல் கீதல் எனக்குத் தெரியாது சாமி. ஒத்தப் பிள்ளயத் தனியா நிறுத்தி நாங்க பயிற்சி குடுக்க மாட்டோம். எப்பயும் இன்னொரு கண்ணு கிரவுண்டுல இருக்கணும்" என்றார். அந்த 'இன்னொரு கண்' என்ற சொல்லை நாம் குறித்துக்கொண்டோம். படத்திலும் இன்னொரு பயிற்சியாளர் உண்டு, நாசர் நடித்திருக்கிறார், மிக நன்றாக நடித்திருக்கிறார். ஆனால் அவரைச் சிரிப்பு மூட்டவும் கண் கலங்கவும் வைக்கிறார்களே தவிர, பார்த்துக்கொள்ளும் கண்ணாக எவரும் எண்ணவில்லை. பெரியவரின் இவ்வொரு வாக்கியம், நாம் படித்த விமர்சனங்களைக் காட்டிலும் கதையின் கட்டுமானத்தை நன்கு விளக்கிற்று.

இவ்விடத்தில் இளைஞர்கள் 'பிகில்' படத்தை இழுத்து வந்தனர். 2019 தீபாவளிக்கு வந்த அட்லியின் படம். அதிலும் ஆடுவதை நிறுத்திவிட்ட ஒருவன், நண்பனுக்காகப் பெண்கள் கால்பந்து அணியைப் பயிற்றுவிக்கிறான். நாயகன் மைக்கேல், தந்தை இராயப்பன், காதலி ஏஞ்சல் எனப் பெயர்களெல்லாம் நம் பங்குப் பதிவேட்டிலிருந்து எடுத்தவைபோல் இருந்ததால் நம் மக்களுக்கு அப்படத்தின்மீது தனிப் பாசம். "அதுல காதல் டீமுக்கு வெளிய சாமி, அப்ப அது சரிதானே?" என்றார் ஓர் இளைஞர். காதலைப் பொறுத்தவரை சரியே. ஆனால் அதே படத்தில் பருத்த உடல்கொண்ட வீராங்கனையை, அவள் வெகுண்டு ஆடவேண்டும் என்பதற்காக, அவளது உடலைச் சொல்லியே நாயகன் ஏசுகிறான். படம் வெளியானபோதே அக்காட்சிக்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அரங்கில் கைதட்டியவர்களும் இருந்தனர். பயிற்சியாளனுக்கு எல்லாம் உரியது, வெற்றி வந்துவிட்டால் வசையும் மருந்தே என்ற எண்ணம் இரு படங்களுக்கும் பொது. ஒன்றில் அது காதலாக வருகிறது, மற்றொன்றில் ஏச்சாக வருகிறது.

நாம் 2007-இல் வந்த 'சக் தே இந்தியா' என்னும் இந்திப் படத்தை நினைவூட்டினோம். அதில் பயிற்சியாளருக்குக் காதலே கிடையாது. அவருக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் மீர் ரஞ்சன் நெகி, 1982 தில்லி ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 1-7 எனத் தோற்ற இந்திய அணியின் இலக்குக் காவலர். துரோகி என்ற பழியைப் பல்லாண்டு சுமந்தவர். 2002-இல் மான்செஸ்டரில் காமன்வெல்த் தங்கம் வென்ற பெண்கள் அணியின் பயிற்சிக் குழுவில் அவரும் இருந்தார். அப்படத்தில் ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஒதுங்கிக்கொள்கிறார், பெண்கள் ஆரவாரிக்கின்றனர். தம் சீடரை வேறொருவரிடம் அனுப்பிவிட்டு ஒதுங்கிய திருமுழுக்கு யோவானை நமக்கு அது நினைவூட்டிற்று.

வியப்பு என்னவெனில் 'இறுதிச்சுற்று' படமும் அந்த வாயில்வரை வந்துவிடுகிறது. மதி ஆடவேண்டும் என்பதற்காக மாஸ்டர் தம் பதவியைத் துறக்கிறார். இறுதிப் போட்டியைப் பார்வையாளர் கூட்டத்தில் மறைந்திருந்து காண்கிறார். அந்த ஒதுங்குதல் அழகு. அத்துடன் திரை மூடியிருந்தால் நமக்குக் குறையில்லை. ஆனால் வென்ற பெண் தன் வெற்றியோடு ஒரு கணமும் தனித்து நிற்க விடப்படவில்லை. சங்கத்து அதிகாரிக்கு ஒரு குத்து, மாஸ்டரிடம் ஓர் ஓட்டம், ஓர் அணைப்பு. கதை மீண்டும் அவருடையதாகிவிடுகிறது. முன்பு அவர் சொன்ன மறுப்பு என்னவாயிற்று என்பதற்கு விடையில்லை. மாதவனுக்கும் ரித்திகாவுக்கும் இடையே ஏறத்தாழ 24 ஆண்டு வயது வேறுபாடு என்பதை ஒருவர் எடுத்துக்காட்டினார். நமக்கு வயது இரண்டாவது தடை. பயிற்சி இன்னும் முடியவில்லை என்பதே முதல் தடை.

இரவு ஒன்பதரை மணியளவில், அந்தத் தாயின் மகள் கையுயர்த்தினாள். அவளிடம் எவரும் அதுவரை கேட்கவில்லை என்பதை அப்போதுதான் நாம் உணர்ந்தோம். "ஜெயிச்சது மதிதான சாமி? எல்லாரும் எதுக்கு மாஸ்டரப் பத்தியே பேசுறீங்க?" என்றாள். நாமும் அதுகாறும் அதைத்தான் செய்திருந்தோம்.

மறுநாள் அந்தத் தாய் நம்மிடம் வந்து, அனுப்பலாமா வேண்டாமா என்று ஒரே சொல்லில் விடை கேட்டார். நாம் விடை சொல்லவில்லை. முதல் நாள் நீங்களே பேருந்தேறிப் போய், பயிற்சி முடியும்வரை மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள் என்று எண்ணி வாருங்கள் என்றோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனார். மாலையில் கோவிலுக்கு வந்தவரின் முகத்தில் வெயிலும் அயர்வும் தெரிந்தன. "எப்படி இருந்தது?" என்று கேட்டோம்.

"பதினேழு பிள்ளைக, நாலு பெரியவுக சாமி. என்னயச் சேத்தா அஞ்சு" என்றார். பிறகு, "அந்த சாரு புள்ளைகள நின்னு தண்ணி குடிக்கக்கூட விட மாட்டேங்கிறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.