எங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார்?

2019 மே மாதம் சிதம்பரம் தொகுதியின் முடிவு வந்தபோது தொல். திருமாவளவனுக்கும் அதிமுகவின் சந்திரசேகருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 3,219 வாக்குகள். இருவரும் ஐந்து லட்சத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றார்கள். பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம், அந்தப் பக்கம் அரியலூர், ஜெயங்கொண்டம், இந்தப் பக்கம் கடலூர் மாவட்டத்துப் புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் என்று மூன்று மாவட்டங்களில் பரவிக்கிடக்கிற தொகுதி. சுண்ணாம்புக்கல் பூமியும் நெல் பூமியும் ஒரே எம்.பி.க்கு வாக்களிக்கின்றன. இப்படி ஒவ்வொரு வாக்காக எண்ணி வாங்கிக்கொண்டு டெல்லிக்குப் போகிறவர், அங்கே தன் கையில் இருக்கும் ஒற்றை வாக்கை என்ன செய்தார்? என் கேள்வி அவ்வளவுதான். ரொம்பச் சின்னக் கேள்வி. பதில் தேடிப் போனால் ஆழம் தெரியாமல் கொள்ளிடத்தில் இறங்கிய கதைதான்.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். எங்கள் தொழிலில் யாரோ ஒருவர் ஒரு வரியை மாற்றினால்கூட யார் மாற்றியது, எந்தத் தேதி, எதற்காக என்று பதிவாகும். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் முதலில் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான். நாட்டின் சட்டங்களை மாற்றுகிற இடத்தில் இதைவிடக் கறாரான பதிவேடு இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே?

இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பக்கங்களில் பெயர்கள் இல்லை. மக்களவையில் மசோதா வாக்கெடுப்புக்கு வரும்போது சபாநாயகர் "ஆதரிப்பவர்கள் ஆம் என்று சொல்லுங்கள்" என்பார், ஒரு சத்தம் எழும். "எதிர்ப்பவர்கள்" என்பார், இன்னொரு சத்தம். எது பெரிது என்று அவர் காதுக்குப் படுகிறதோ அதுவே முடிவு. இதற்குப் பெயர் குரல் வாக்கு. யாராவது ஏற்க மறுத்து, பெயர்வாரி வாக்கெடுப்பு வேண்டும் என்று வற்புறுத்தினால்தான் மணி அடித்து, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்த வைப்பார்கள். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் மட்டும் 368ஆவது பிரிவின்படி எண்ணியே ஆகவேண்டும். மூன்றில் இரண்டு பங்கைக் காதால் அளக்க முடியாது இல்லையா? அதனால்தான் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு 2023 செப்டம்பரில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்று துல்லியமாகத் தெரிகிறது. அன்று புதிய கட்டடத்தில் காகிதச் சீட்டு கொடுத்து எண்ணினார்கள்.

வேளாண் சட்டங்களுக்கு இந்தத் துல்லியம் கிடையாது. காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்களை 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்த்தது. அதே வருடம் செப்டம்பர் 17 அன்று மக்களவை, விவசாயிகளின் தலையெழுத்தைத் தொட்ட இரண்டு மசோதாக்களைக் குரல் வாக்கில் நிறைவேற்றியது. மூன்று நாள் கழித்து மாநிலங்களவையில் பெயர்வாரி வாக்கெடுப்பு கேட்டுப் பெரிய ரகளையே நடந்தது, அங்கேயும் குரல் வாக்குதான். 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களைத் திரும்பப் பெற்றதும் குரல் வாக்கில்தான். வீராணம் பாசனத்தில் நடவு நடுகிற ஒருவர், தன் எம்.பி. இதை எதிர்த்தார் என்பதைப் பேச்சிலிருந்தும் போராட்ட மேடையிலிருந்தும் தெரிந்துகொள்ளலாம். விசிக எதிர்த்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவையின் வாக்கு என்று எடுத்துக்கொண்டால் அந்த எதிர்ப்பு வெறும் சத்தம். அதில் பெயர் இல்லை.

சரி, பெயர் இருக்கிற இடத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கு உண்மையான சங்கடம். 2019 ஜூலை 15 அன்று தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத் திருத்தம் மக்களவையில் பெயர்வாரி வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 278, எதிர்ப்பு 6. அப்போது வேலூருக்குத் தேர்தல் நடந்திருக்கவில்லை. தமிழ்நாட்டின் மீதி 38 இடங்களில் 37 திமுக கூட்டணியிடம் இருந்தன. எதிர்த்த ஆறு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், மிச்சம் 31 பேர் எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து ஊபா திருத்தம். 287க்கு 8. அதே கழித்தல் கணக்கைப் போட்டால் 29 பேர். இதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். இரண்டு சட்டங்களையும் பற்றி அடுத்த ஐந்து ஆண்டுகள் தமிழ்நாட்டு மேடைகளில் எவ்வளவு பேசினார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த 31 பேரும் எங்கே போனார்கள்? சிலர் ஆதரித்திருப்பார்கள், சிலர் அவையில் இருந்திருக்க மாட்டார்கள், சிலர் வெளிநடப்பு. வெளிநடப்பு என்ற சொல்லை நான் ரசிப்பதுண்டு. தமிழ் அரசியல் பேச்சில் அது வீரச் சொல். செய்தித்தாளில் தலைப்பாகும், தொலைக்காட்சியில் படிக்கட்டில் இறங்கி வருகிற காட்சியாகும். வாக்குப் பதிவேட்டில் அது வெற்றிடம். இல்லாதவரையும் வெளியேறியவரையும் அந்தப் பட்டியல் பிரித்துப் பார்ப்பதில்லை. 2019 ஜனவரியில் பத்து சதவீத இடஒதுக்கீட்டுத் திருத்தம் வந்தபோது சமூகநீதி மண்ணிலிருந்து போயிருந்த அதிமுக உறுப்பினர்கள் கடுமையாகப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தார்கள். மக்களவைக் கணக்கு 323க்கு 3. இந்த மண்ணின் நூறாண்டு வாதம் அந்த மூன்றுக்குள் எங்கே இருக்கிறது?

எம்.பி.க்களை மட்டும் குறை சொல்லி நிறுத்திவிட்டால் அது அரைகுறை விமர்சனம். 1985இல் வந்த பத்தாவது அட்டவணை, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும் என்கிறது. கிஹோட்டோ ஹோல்லஹன் வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் கொறடா உத்தரவை ஆட்சி நிலைப்பது, கட்சியின் அடிப்படைக் கொள்கை போன்ற விஷயங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்றும் சொன்னது. கேட்டவர் யார்? ஆகவே பெரிய கட்சி உறுப்பினரின் வாக்கு அவருடையதில்லை, கட்சியுடையது. அதைப் படித்து அந்த மனிதரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

இங்கேதான் சிதம்பரம் விசேஷமான தொகுதியாகிறது. 2019இல் விசிகவின் இரண்டு பேர் டெல்லிக்குப் போனார்கள். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். எந்தக் கட்சி நிறுத்தியதோ அந்தக் கட்சியின் உறுப்பினர் என்பது சட்டம், அதனால் அவையின் கணக்கில் அவர் திமுக. திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றதால் அவர் மட்டுமே விசிக. ஒரே ஆள் கட்சி. அவருக்குக் கொறடா யார்? அவரேதான். பதினேழாவது மக்களவையின் ஐந்து ஆண்டுகளில், பத்தாவது அட்டவணையின் பயம் இல்லாமல் பொத்தானை அழுத்தக்கூடிய வெகுசிலரில் ஒருவர் சிதம்பரம் எம்.பி. கூட்டணி தர்மம் என்று ஒன்று இருக்கிறது, அது சட்டத்தைவிடக் கனமானது, தெரியும். இருந்தாலும் அந்த வாக்கு அவருடையது. அதனால்தான் அதைப் பற்றி அவர் வாயிலிருந்தே கேட்க எனக்கு ஆசை.

அவர் பேசாதவர் இல்லை. தமிழ்நாட்டு எம்.பி.க்களில் வாக்காளர்களிடம் இவ்வளவு நேரம் பேசுகிற இன்னொருவரைச் சொல்வது கஷ்டம். மணிக்கணக்கான மேடைப் பேச்சு, முகநூல் நேரலை, அமைச்சரிடம் மனு கொடுக்கும் படம், அவையில் பேசிய துண்டுக் காணொளி. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா ஒருவர், திருமாவுக்கு வாக்களிக்காதவர், அந்தத் துண்டுகளைத் தவறாமல் அனுப்புவார். "எப்படிப் பேசறான் பாரு" என்பார். ஒருமையும் பாராட்டும் ஒரே வாக்கியத்தில் வரும். அதற்குள் இருக்கும் சாதியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

அந்தக் காணொளிக்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. மக்களவையில் தமிழில் பேசினால், அதிகாரபூர்வ விவாதத் தொகுப்பில் பேச்சின் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சாகும். பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி. மூலம் தமிழ் என்பதற்கு அதுதான் அடையாளம். இலக்கியம் படிக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. அவருடைய பேச்சின் பலம் அடுக்கில் இருக்கிறது. ஒரு சொல்லைச் சொல்லி, நிறுத்தி, அதையே கொஞ்சம் திருப்பிச் சொல்லி, மூன்றாவது தடவை அதன் மேல் ஏறி நிற்பார். ஆங்கிலத்தில் அது தட்டையான மூன்று வாக்கியங்களாகிவிடுகிறது. ஒரு பக்கம் பின்னணி இசை போட்டு, கடைசிப் பதிலடியை மட்டும் வெட்டி எடுத்த தமிழ்த் துண்டு. மறுபக்கம் உயிர் போன ஆங்கிலப் பதிவு. தொகுதிக்காரருக்கு முதலாவது கிடைக்கிறது, வரலாற்றுக்கு இரண்டாவது. முழுப் பேச்சு, தமிழில், எழுத்தில், எந்த மசோதாவின் எந்தப் பிரிவைப் பற்றி என்ற விவரத்தோடு வேண்டும் என்றால் அது இந்த இரண்டுமே இல்லை.

மதிப்பெண் போடுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். பி.ஆர்.எஸ். நிறுவனம் வருகைப்பதிவு, விவாதங்கள், கேள்விகளின் எண்ணிக்கையைத் தொகுக்கிறது. நல்ல வேலை. ஆனால் பத்திரிகைகள் அதை எடுத்து 'முதலிடம்', 'கடைசி இடம்' என்று போடும்போது, எழுதிய கோடு வரிகளை எண்ணிச் சம்பளம் போடுகிற மேனேஜர்தான் எனக்கு ஞாபகம் வருகிறார். கேள்வியை எண்ணக்கூடாது, பதிலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒரு பதில் வந்தது: கையால் மலம் அள்ளும் தொழிலால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. அதே அமைச்சகம் வேறு பதில்களில் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும்போது இறந்தவர்களை நூற்றுக்கணக்கில் ஒப்புக்கொள்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர். பெயரை மாற்றினால் பிணம் காணாமல் போய்விடுகிறது. கேள்வியில் எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரிந்த எம்.பி.யால்தான் அந்தப் பிணத்தைத் திரும்பக் கொண்டுவர முடியும். அப்படி ஒரே ஒரு கேள்வி கேட்டவருக்கு எண்ணிக்கைப் பட்டியலில் என்ன இடம் கிடைக்கும்?

வாக்கே நடக்காத இடங்களும் உண்டு. 2023இல் ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் இருந்தன. ஊர் கொதித்தது, முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8 அன்று அமைச்சர் பிரகலாத் ஜோஷி ஒரு ட்வீட்டில் அவற்றை நீக்குவதாக அறிவித்தார். பட்டியலில் சேர்த்ததற்கும் நீக்கியதற்கும் அவையில் யாரும் கை தூக்கவில்லை. அதே ஜூலையில் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவியில் என்எல்சி, வாய்க்கால் வெட்ட விளைந்து நின்ற நெல்லின் மேல் இயந்திரத்தை ஏற்றியது. எங்கள் பக்கத்தின் இந்தக் காலத்து மிகப் பெரிய காயம் அது. வாக்குப் பதிவேட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

இளையபெருமாளை இங்கே நினைத்துக்கொள்ளலாம். காட்டுமன்னார்கோவில்காரர், 1952இல் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த கடலூரிலிருந்து மக்களவைக்குப் போனவர். அவர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. அவர் தலைமையிலான தீண்டாமை ஒழிப்புக் குழுவின் 1969ஆம் ஆண்டு அறிக்கையைத்தான் சொல்கிறோம். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னதை முன்வைத்துத்தான் 1970இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. எழுதி வைத்தது நின்றது.

திருமாவளவனின் பேச்சுகளில் எனக்கு உள்ள குறை இதுதான். அவை ஒரு தலைவரின் பேச்சுகள். தமிழ்நாடு முழுக்க இருக்கிற ஒரு மக்கள்திரளுக்காகப் பேசுகிறவை. தனித்தொகுதி எம்.பி. மீது அந்தப் பாரம் எப்போதும் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் அவர் குன்னத்துக்கும் பிரதிநிதி, என் பெரியப்பாவுக்கும் பிரதிநிதி. 2024இல் ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்த பிறகு, 3,219இன் பதற்றம் இல்லாத இந்தக் காலத்தில், ஒரு கூட்டத்தொடர் முடிந்ததும் நாலு வரி எழுதிப் போடலாம். மசோதாவின் பெயர், தேதி, அழுத்திய பொத்தான், ஏன். வெளிநடப்பு என்றால் ஏன் இருந்து எதிர்க்கவில்லை என்று. குரல் வாக்கு என்றால் "இல்லை என்று சொன்னேன்" என்று. அதற்குச் சாட்சி கிடையாதுதான். ஆனால் அடுத்த முறை ஓட்டு கேட்டு வரும்போது பெரியப்பா எடுத்துக் காட்டிக் கேட்க ஒரு வாக்கியம் கையில் இருக்கும்.