செஞ்சிச் சாலையில் சைக்கிள்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி சுமார் 28 கிலோமீட்டர். நெடுந்தூரம் மிதிக்கப் பழகுபவருக்குத் தோதான சாலை. ஏற்றத்தைவிட வெயிலும் எதிர்காற்றும்தான் சோதிக்கும். புதியவர் கனமான கியரில் அழுத்தி மிதித்து முட்டியைக் கெடுத்துக்கொள்வார். லேசான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று சுழற்றினால் தொடை தாங்கும். தாகம் எடுக்குமுன்பே உப்புப் போட்ட மோர் உள்ளே போயிருக்க வேண்டும்.

செஞ்சி ஊரைத் தாண்டியதும் சாலை கோட்டைக்குள்ளேயே புகுந்து போகிறது: ஒருபுறம் 800 அடி ராஜகிரி மலை, மறுபுறம் கிருஷ்ணகிரி மலை, உருட்டி அடுக்கியதுபோல் பாறைகள். காரில் போகிறவருக்கு இது அரை நிமிடக் காட்சி. சைக்கிள்காரருக்கு வெகுநேரம் கூடவே வரும்.

வாராவாரம் தூரத்தைக் கொஞ்சம் கூட்டினால், திருவண்ணாமலை போய்த் திரும்பும் 130 கிலோமீட்டரும் கைகூடும். அடுத்தது ‘பிரெவே’ எனும் நெடுந்தூர சைக்கிள் பயணம்: 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது.