யாருடைய நான்கு மணி நேரம்?

ரிமதி பெரிஸ் 2007இல் எழுதிய 'த ஃபோர் அவர் வேர்க்வீக்' நூலை, தொழிற்சாலையின் இரவு இடைவேளைகளில் வாசித்து முடித்தேன். சிறியதொரு சந்தையைத் தேர்ந்தெடு. 50 முதல் 200 டொலர் வரை விலைவைக்கக்கூடிய பொருளொன்றைக் கண்டுபிடி. உற்பத்திக்கு முன்பே இணையத்தில் விளம்பரமிட்டு, வாங்குவோர் உண்டா எனப் பார் என்கிறார். புத்திசாலித்தனமான யோசனைதான். கடன்பட்டுக் கடை போட்டு நொடிந்த நம்மவர்க்கு இது முன்பே தெரிந்திருக்கலாம்.

மீதி வேலையை என்ன செய்வது? குறைந்த கூலிக்கு இந்தியாவிலுள்ள உதவியாளரிடம் விடு. பொதியிட்டு அனுப்புவதை வேறு நிறுவனத்திடம் கொடு என்கிறது நூல். ஆக, உழைப்பு அப்படியே இருக்கிறது; உழைப்பவர்தான் மாறியிருக்கிறார்.

ஒருகாலத்தில் பொருளியல் விரிவுரையாளனாக இருந்த நான் இன்று பெட்டிகளைப் பொதியிடுகிறேன். அவருடைய நான்கு மணி நேரத்துக்குள் என் எட்டு மணி நேரம் ஒளிந்திருக்கிறது. நம் பிள்ளைகள் இந்நூலை வாசிக்கட்டும். இந்தக் கணக்கையும் சேர்த்தே போடட்டும்.