இபாத்தியேவ் வீட்டின் தரை

வரலாறு விட்டுவைத்த இடைவெளியை நிரப்புவதுதான் வரலாற்றுப் புனைவின் வேலை என்ற பேச்சு இப்போது மேடைக்கு மேடை கேட்கிறது. ரஷ்யாவின் கடைசி ஜார் குடும்பத்தைப் பற்றிய நாவல்களை வரிசையாகப் படித்து முடித்த எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே புனைவைக் கெடுத்ததே அந்த இடைவெளிதான்.

1918 ஜூலை 17 அதிகாலையில், யெகாத்தெரின்பர்க் நகரின் இபாத்தியேவ் வீட்டுக் கீழறையில் ஜார் குடும்பத்தாரும் உடனிருந்தவர்களுமாகப் பதினொரு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உடல்களை ஒளித்துவைத்ததால் வதந்தி கிளம்பியது. 1920இல் பெர்லின் கால்வாயிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண் பின்னாளில் தன்னை ஜாரின் மகள் இளவரசி அனஸ்தாசியா என்றாள். அதை வைத்து நாடகம், 1956இல் இங்கிரிட் பெர்க்மன் நடித்த படம், 1997இல் கார்ட்டூன். எல்லாம் அந்தக் கீழறையின் கதவைச் சாத்திவிட்டுத் தொடங்குகிற கதைகள். சோவியத் அரசோ 1977இல் வீட்டையே இடித்துத் தள்ளியது.

1991இல் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். பெர்லின் பெண் அனஸ்தாசியா அல்ல என்று 1994இல் மரபணுச் சோதனை சொன்னது. எஞ்சிய இரு பிள்ளைகளின் எச்சங்கள் 2007இல் கிடைத்தன. இடைவெளி அதோடு மூடிவிட்டது. ஆனாலும் ஜான் பாய்ன் 2009இல் எழுதிய ‘தி ஹவுஸ் ஆஃப் ஸ்பெஷல் பர்ப்பஸ்’ நாவலில் ஓர் இளவரசியைத் தப்பவைத்து லண்டனில் குடும்பம் நடத்தவிடுகிறார். எவ்வளவு மலிவான ஆறுதல்! ஏரியல் லாஹனின் ‘ஐ வாஸ் அனஸ்தாசியா’ (2018) பொய் சொன்ன பெண்ணின் வாழ்க்கையைப் பின்னோக்கி நடத்திப் போகிறது. அதில் நேர்மை கூடுதல்.

என் மனம் நிற்பது ராபர்ட் அலெக்சாண்டரின் ‘தி கிச்சன் பாய்’ (2003) நாவலில்தான். சமையலறைச் சிறுவன் லியோனித் செத்னெவ் உண்மையாகவே அங்கே இருந்தவன், இளவரசன் அலெக்சியின் விளையாட்டுத் தோழன். கொலைக்கு முந்தைய நாள், மாமாவைப் பார்க்கப் போகிறாய் என்று சொல்லி அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த மாமா அதற்கு முன்பே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இப்படி ஒருவனின் கண் வழியே வீட்டைப் பார்க்கத் துணிந்ததே பெரிய காரியம். முடிவில் அலெக்சாண்டரும் தப்பிப் பிழைத்தவள் கதைக்குள் விழுந்துவிட்டார் என்பது என் தீராத வருத்தம்.

தெரிந்ததே போதாதா? எழுபத்தெட்டு நாள் சிறை. வெளியே எதுவும் தெரியாதபடி சுண்ணாம்பு பூசிய ஜன்னல்கள். உள்ளாடைக்குள் வைரங்களை வைத்துத் தைத்துக்கொண்ட பெண்கள். நடக்க முடியாத மகனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய தகப்பன். கூடவே செத்தவர்கள் மருத்துவர் போத்கின், பணிப்பெண் தெமிதோவா, சமையற்காரர் கரித்தோனவ், பணியாள் த்ரூப். போத்கின் எழுதத் தொடங்கிய ஒரு கடிதம் பாதியில் நின்றது. இந்த நால்வரில் ஒருவரை நடுவில் நிறுத்தி எழுதிய நாவல் இன்னும் என் கைக்கு வரவில்லை. இளவரசிகளுக்குக் குவிந்த பக்கங்களில் நூறாவது இவர்களுக்கு வேண்டும்.

இன்னொரு காட்சியும் உண்டு. கொலைக்கு இரண்டு நாள் முன்பு, ஜூலை 15 அன்று, தரை கழுவ ஊர்ப் பெண்கள் சிலரை வரவழைத்தார்கள். கைதிகளோடு அவர்கள் பேசக்கூடாது. இளவரசிகள் தாமாகவே எழுந்து வந்து கட்டில்களை நகர்த்திக் கொடுத்தார்கள், காவலர் கண்ணில் படாமல் கிசுகிசுத்தார்கள். காவல் தலைவன் யூரோவ்ஸ்கி சிறுவன் அலெக்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். அந்தப் பெண்களில் ஒருத்தி பின்னர் விசாரணையில் இதைச் சாட்சியமாகச் சொன்னாள். வேலை முடிந்து, தெருவில் இறங்கி வீட்டுக்கு நடந்தவள் அவள். நாவல் அவளோடு நடக்கட்டும்.