மூன்று துளி மேகம்

என் அக்காள் மகன் கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கிறான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, நானே ஒண்ணு பண்ணியிருக்கேன். பார்த்துட்டு அபிப்பிராயம் சொல்லுங்க" என்றான். கதை எழுதுகிறவனிடம் அபிப்பிராயம் கேட்டு வருவது புதிதல்ல. பெரும்பாலும் கவிதைத் தொகுப்போடு வருவார்கள். இவன் கொண்டு வந்தது வானிலை.

திரையின் ஒரு மூலையில் தபால் கார்டு அளவுக்கு ஒரு சின்னக் கட்டம். வெளிறிய நீலப் பின்னணி. நடுவே ஒரு மேகம், மேகத்துக்குக் கீழே மூன்று துளி. பக்கத்தில் 27 டிகிரி என்று ஓர் எண். அவ்வளவுதான். விளம்பரம் இல்லை, அங்கே தட்டு, இங்கே தட்டு என்ற உபத்திரவம் இல்லை. "மேஜையில உட்கார்ந்து வேலை செய்யறவன் கண்ணைத் திருப்பினா போதும், புரிஞ்சுடணும். அதுக்கு மேலே ஒரு கோடுகூடக் கிடையாது மாமா" என்றான். அவன் குரலில் நியாயமான கர்வம் இருந்தது.

படம் அழகாகவே இருந்தது. இருந்தாலும் அதைக் கண்டதும் எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. "ஒரு வாரம் டயம் கொடுடா" என்று அனுப்பிவிட்டேன். நேரில் சொல்லத் தயங்குவதை எழுதிச் சொல்லிவிடுவது என் வழக்கம். இந்தக் கட்டுரை அவனுக்கு நான் எழுதும் பதில்.

நான் கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு முடித்துக்கொண்டவன். யந்திர சாஸ்திரமும் தெரியாது, வானிலை சாஸ்திரமும் தெரியாது. ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்ற ஒரே கேள்வியோடு இருபது வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். என் மருமகன் செய்திருப்பதும் அந்த வேலைதான். ஆகவே பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

அதற்கு முன் அந்த மூன்று துளி மேகத்துக்கும் எனக்கும் உள்ள பழைய கணக்கைச் சொல்லிவிட வேண்டும்.

2015ஆம் வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி. அந்த நவம்பரில் மட்டும் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியிருந்தது. மழை அலுத்துப் போய், மழையைப் பற்றிப் பேசுவதும் அலுத்துப் போயிருந்த நேரம். தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாற்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் உழவர்கள், தச்சர்கள், சமையற்காரர்கள் வாயிலிருந்து கேட்ட சொற்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். எல்லாம் தரைத்தள வீட்டில், அலமாரியின் கீழ்த்தட்டுகளில். அன்று சாயங்காலம் போன் செய்தார். "தம்பி, மழை விடற மாதிரி தெரியலை. நோட்டையெல்லாம் பரண்ல ஏத்திடலாமான்னு பாக்கறேன். என்னால ஏணி ஏற முடியாது, ஆளைக் கூப்பிடணும். உங்க கம்ப்யூட்டர்ல என்ன போட்டிருக்கான், பாருங்களேன்" என்றார்.

பார்த்தேன். மேகம், மூன்று துளி. முந்தின நாளும் அதே படம்தான். அதற்கு முந்தின வாரமும் அதுதான். "நேத்து மாதிரிதான் ஐயா. நாளைக்குக் காலையில ஆளை வெச்சு ஏத்திக்கலாம்" என்றேன்.

மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். இரவிலேயே வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் அவர் மனைவியும் மாடி வீட்டுக்காரர்கள் தயவில் பிழைத்தார்கள். நோட்டுகள் கூழாகிப்போயின. இன்று வரை அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

குற்றத்தை முழுக்க ஒரு படத்தின் தலையில் கட்டுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று பலத்த மழை பெய்யும் என்று எச்சரித்துத்தான் இருந்தார்கள். அதைக் கேட்டறியாமல் படத்தைப் பார்த்தது என் சோம்பல். அந்த ராத்திரி இத்தனை சென்டிமீட்டர் பெய்யும் என்று யாரும் அளந்து சொல்லியிருக்கவும் முடியாது. ஆனாலும் ஒன்று நிச்சயம்: 2 மில்லிமீட்டர் தூறலுக்கும் 490 மில்லிமீட்டர் பிரளயத்துக்கும் ஒரே முகத்தைக் காட்டுகிற படம், படம் அல்ல, முகமூடி.

இந்த முகமூடி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். இன்று உலகமெங்கும் திரைகளில் தொங்கும் மேகம், துளி, சூரியன் இவற்றுக்கு நெருங்கிய முன்னோர், 1975இல் பி.பி.சி. தொலைக்காட்சி கையாளத் தொடங்கிய அடையாளங்கள். மார்க் ஆலன் என்ற சித்திரக் கல்லூரி மாணவர் வரைந்தவை. காந்தத் துண்டுகளாகச் செய்து, வரைபடத்தில் கையால் ஒட்டுவார்கள். வெள்ளை மேகம், கறுப்பு மேகம், துளி, மின்னல். குழந்தைக்கும் புரியும். 30 வருஷம் நின்றன. 2005இல் அவற்றை எடுத்துவிட்டு, பூமியே சாய்ந்து சுழல்கிற மாதிரி நகரும் படங்களைக் கொண்டுவந்தார்கள். சாய்வில் ஸ்காட்லாந்து சுருங்கித் தெரிந்தது, ஜனங்கள் ஆட்சேபித்தார்கள். எளிமையை விட்டு ஜால வித்தைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல பாடம். இந்த விஷயத்தில் நான் என் மருமகன் கட்சி.

ஆனால் ஆலனின் மேகம் தனியாக வாழவில்லை என்பதை மறக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு மனிதர் நின்று பேசிக்கொண்டிருந்தார். எவ்வளவு பெய்யும், எப்போது பெய்யும், எவ்வளவு சந்தேகம் என்பதெல்லாம் அவர் வாயில் இருந்தது. நாம் மேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பேசுகிற மனிதரை அனுப்பிவிட்டோம். நாடகத்திலிருந்து திரைச்சீலையை மட்டும் வாங்கி வந்து வீட்டில் மாட்டிக்கொண்டது போல.

வானிலைக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் குறிகளைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விடாது பெய்யும் மழை லேசானால் இரண்டு புள்ளி, மிதமானால் மூன்று, பலமானால் நான்கு. வானத்தை எட்டுப் பங்காக்கி, எத்தனை பங்கு மேகம் மூடியிருக்கிறதோ அதற்கேற்ப ஒரு வட்டத்தை நிரப்புகிறார்கள். காற்றுக்கு ஓர் அம்பு. அதன் வாலில் முழுக்கோடு ஒன்றுக்குப் பத்து நாட், அரைக்கோடு ஐந்து, முக்கோணம் ஐம்பது. இதைவிடச் சிக்கனம் எதுவும் இல்லை. அலங்காரம் துளியும் இல்லை, ஆனால் அளவு இருக்கிறது. ஜனங்களுக்குப் புரியாது என்று அந்தக் குறிகளை ஒதுக்கியவர்கள், புள்ளியோடு அளவையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். புள்ளி அழகான துளியாயிற்று. எண்ணிக்கைக்கு அர்த்தம் போயிற்று. என் மருமகனின் மேகத்துக்கு ஏன் மூன்று துளி? கேட்டேன். "ரெண்டு போட்டா காலியா தெரியுது, நாலு போட்டா நெரிசலா இருக்கு" என்றான். கதையில் அலங்காரத்துக்காக ஓர் உவமையைச் செருகிவிட்டு நானும் இப்படித்தான் சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

இந்தியாவில் நிலைமை இன்னும் விசித்திரம். நம் வானிலைத் துறை வார்த்தைகளில் வெகு கறார். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6இலிருந்து மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. வார்த்தைக்கு வார்த்தை வேலி போட்டிருக்கிறது. திரைக்கு வந்ததும் மூன்றும் ஒரே மேகத்தில் ஐக்கியமாகிவிடுகின்றன.

"சதவீதம் போடலாமே" என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1960களின் நடுவிலிருந்தே மழைக்கு வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று சொல்லி வருகிறார்கள். நேர்மையான காரியம்தான். ஆனால் 80 சதவீதம் என்றால் பலத்த மழை என்று என் தெருவில் பாதிப் பேர் எண்ணுகிறார்கள். இப்படிப்பட்ட நாட்கள் நூறு வந்தால் எண்பதில் மழை இருக்கும் என்பதுதான் அதன் பொருள். அந்த மழை வெறும் தூறலாகவும் இருக்கலாம். வருமா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு என்பது வேறு கேள்வி.

அப்படியானால் எல்லாவற்றையும் போட்டுவிடலாமா? காற்று, ஈரப்பதம், அழுத்தம், அஸ்தமன நேரம், நிலவின் பிறை? கூடாது. எல்லாப் பாத்திரங்களையும் முதல் அத்தியாயத்திலேயே அறிமுகப்படுத்தும் நாவலை யாரும் இரண்டாம் அத்தியாயத்துக்குத் தொடர்வதில்லை. அமெரிக்காவில் 2012இல் வந்த டார்க் ஸ்கை என்ற செயலியை இங்கே சொல்ல வேண்டும். ராடார் படத்தில் மேகம் நகரும் போக்கைக் கணக்கிட்டு, நீ நிற்கும் இடத்தில் அடுத்த ஒரு மணி நேரத்தில் மழை உண்டா என்ற ஒரே கேள்விக்கு அது பதில் சொன்னது. லேசு, நடுத்தரம், பலம் என்று மூன்று படி. அவற்றின் மேல் ஏறி இறங்கும் ஒரு கோடு. அதைத்தான் ஜனங்கள் நேசித்தார்கள். 2020இல் ஆப்பிள் கம்பெனி வாங்கிக்கொண்டது. 2023 பிறந்தபோது அந்தச் செயலி இல்லை. நார்வே வானிலைக் கழகமும் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து 2007இல் தொடங்கிய யர் என்ற சேவையில் வெப்பத்துக்கு ஒரு கோடும், மழைக்கு மணிவாரியாக நீலத் தூண்களும் உண்டு. தூண் உயர்ந்தால் மழை அதிகம். இதைப் படிக்க யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஏரியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தவனுக்கு இது தெரியும்.

ஆக, எளிமை என்றால் குறைவாக வரைவது என்று என் மருமகன் நினைக்கிறான். எளிமை என்றால் ஒரு கேள்வியைப் பொறுக்கி எடுத்து, அதற்கு முழுப் பதில் சொல்வது என்று நான் நினைக்கிறேன். மேஜையில் இருக்கிறவன் கேட்கும் கேள்வி, "நான் எழுந்து ஏதாவது செய்ய வேண்டுமா?" என்பது. துணி எடுக்கவா, குடை தேடவா, பரணில் ஏற்றவா? அதற்கு மேகம் தேவையில்லை. அடுத்த 24 மணி நேரத்துக்கு ஒரு வரிசைத் தூண்கள் போதும். நிச்சயமானதை அடர்ந்த நிறத்திலும், சந்தேகமானதை அதன் மேலே வெளிறிய நிறத்திலும் காட்டலாம். வானிலைத் துறையின் மூன்று வேலிகளும் மூன்று மெல்லிய கோடுகளாகக் குறுக்கே ஓடட்டும்.

இன்னொன்று. அந்த டிசம்பர் இரவில் இண்டர்நெட் போன பிறகும் என் கணினி பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. மேகமும் மூன்று துளியும் அப்படியே புன்னகைத்துக்கொண்டிருந்தன. செய்தி செத்துப் பல மணி நேரம் ஆகியும் அதன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. 1875 ஏப்ரல் 1ஆம் தேதி லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் பிரான்சிஸ் கால்ட்டன் வானிலை வரைபடம் வெளியிட்டபோது, அது முந்தின நாளின் வானிலை என்று தேதி போட்டே வெளியிட்டார். அந்த மரியாதை வேண்டும். எத்தனை மணிக்குக் கிடைத்த சேதி என்பது படத்தில் இருக்கட்டும். நேரம் ஆக ஆகப் படம் வெளுக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று காட்டுவதும் சித்திரம்தான்.

இவ்வளவையும் எழுதி, அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அவனிடம் படிக்கக் கொடுத்தேன். முகம் கொஞ்சம் சுண்டிற்று, ஆனால் கெட்டிக்காரன். பத்து நாளில் திருத்திக்கொண்டு வந்தான். மேகம் போய்த் தூண்கள் வந்திருந்தன. மூலையில் சிறிதாக நேரம். "வெயில் நாள்ல காலியா இருக்கு மாமா" என்று மட்டும் குறைப்பட்டான். இருக்கட்டும் என்றேன்.

அவனை அழைத்துக்கொண்டு முடிச்சூர் போனேன். ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அன்றைய தூண்களில் ஒன்று கட்டத்தின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இது எவ்வளவு தம்பி?" என்றார்.

"நாலு மில்லிமீட்டர் ஐயா."

"நாலுக்கே மேல முட்டுதே. அன்னிக்கு மாதிரி நானூத்தித் தொண்ணூறு வந்தா இது எங்கே போகும்?"

இவன் விழித்தான். அன்றன்றைய மழையில் பெரியது எதுவோ அது கட்டத்தை நிரப்பும்படி கணக்குச் செய்திருக்கிறான். பார்க்க நன்றாக இருக்குமே என்று. நாலும் உச்சியைத் தொடும், நானூற்றுத் தொண்ணூறும் உச்சியைத் தொடும். போட்ட வேலிக்கோடுகளும் தூணோடு சேர்ந்து ஏறி இறங்கும். முகமூடி வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அத்தனை எழுதிய நானும் அதைக் கவனிக்கவில்லை.

"அளவு மாறாம இருக்கணும் தம்பி. நாலு, தரையோட கிடக்கட்டும்" என்றார் ஆசிரியர். "பெரிசு வந்தா கட்டத்தைப் பிச்சுக்கிட்டு வெளியே வரட்டும். அப்பதான் என்னை மாதிரி ஆளு எழுந்து பார்ப்பான்."

மருமகன் பேனாவைக் கேட்டு வாங்கி, அதைக் குறித்துக்கொண்டான். ஆசிரியர் எழுந்து போய்ப் புதிய நோட்டு ஒன்றை எடுத்து வந்து காட்டினார். மறுபடி ஆரம்பித்திருக்கிறார். அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறார்.