சீறாப்புராணமும் சமய நல்லிணக்கமும்

பிற சமயத்தார்பால் எழும் வெறுப்புக்கு அறியாமையே பெரிதும் காரணமாகும். அவ்வறியாமையை நீக்க இலக்கியமும் உதவும் என்பதற்கு, 17ஆம் நூற்றாண்டினரான உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் தக்க சான்றாகும்.

நபிகள் நாயகத்தின் வரலாறு கூறும் இக்காப்பியம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களையும் 5,000க்கு மேற்பட்ட விருத்தங்களையும் உடையது. நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை வருணிக்கும் புலவர், ஆங்கு நீர்வளமும் வயல்வளமும் பொலியக் காட்டுகின்றார். பாலையை மருதமாக்கியது இயற்கைக்கு மாறென்பாருளர். அக்குறை உண்மையே. ஆயினும், கம்பன் காவியத்திற் பழகிய செவிக்கு நபிகளின் நாடு அயலாகத் தோன்றாவாறு செய்த நயமும் அதுவே. எட்டயபுரத்து அரசவைப் புலவரும் இந்து சமயத்தவருமாகிய கடிகைமுத்துப் புலவரிடம் உமறு தமிழ் கற்றார் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

எனினும், இத்தகைய நூல் இருத்தல் மட்டும் அமையாது. அதனை இரு சாராரும் பயிலுதல் வேண்டும். மொழியால் ஒன்றியோரும் மனத்தால் வேறுபடக்கூடும் என்பதை ஈழத்து வரலாறு காட்டுகின்றது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட வடமாகாண முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். கம்பனைக் கற்கும் இந்து மாணாக்கர் உமறுவையும் விரும்பிக் கற்பாராயின், அயலவர் போற்றும் பெருமானை அவர்தம் அன்பின் வாயிலாகவே அறிவர். அவ்வறிவு வேரூன்றிய உள்ளத்தில் வெறுப்பு எளிதில் முளையாது.